நான்காவது நிமிட மணி

எனக்கு அறிவியல் வராது.
பி.டி. டீச்சரை எதற்கு உட்கார வைக்கிறீர்கள் என்று கேட்டேன்.
ஸ்டாப் வாட்ச் உங்களிடம்தானே இருக்கிறது என்றார்கள்.
திருமங்கலத்தில், பங்குனி வெயிலில்,
தகரக் கூரை போட்ட அரங்கில்
அறிவியல் கதை சொல்லும் போட்டிக்கு
இப்படித்தான் நான் நேரம் பார்க்கப் போனேன்.

நான்கு நிமிடத்தில் ஒரு மணி.
ஐந்தில் இரண்டு.
அதற்குமேல் வாய் திறந்தால் மதிப்பெண் போகும்.

காலையிலிருந்து என்னென்னவோ நடந்தது.
இரண்டு டைனோசர்கள் செத்தன.
ஒரு வைரஸ் மனிதகுலத்திடம் மன்னிப்புக் கேட்டது.
உசிலம்பட்டிப் பிள்ளை ஒருத்தி தேனீயாகவே ஆடிக் காட்டி
பூ எந்தத் திசையில் என்று சொல்ல மறந்து அழுதாள்.
அண்ணா நகர்ப் பையனின் கருந்துளை
பின்னணி இசையெல்லாம் வாயாலேயே போட்டுக்கொண்டு
மைக்கைக் கிட்டத்தட்ட விழுங்கிவிட்டது.
நாலு நிமிடம் ஐம்பத்தெட்டு விநாடி.
கெட்டிக்காரன்.

கடைசி எண் முப்பத்தொன்று.
அழகுநாச்சி, பதினொன்றாம் வகுப்பு, மேலூர்ப் பக்கம்.
கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கிரானைட் சில்லு.
"நான்தான் பாறை பேசுகிறேன்" என்று
அவள் ஆரம்பிக்காததே எனக்குப் பெரிய நிம்மதி.

"பூமிக்கு அடியில்,
எங்க ஊர்க்காரங்களே இன்னும் தோண்டாத ஆழத்தில்" என்றாள்.
அரங்கம் சிரித்தது.
அவள் காத்திருந்தாள்.

அங்கே ஒரு குழம்பு கொதித்துக் கிடந்ததாம்.
சட்டென்று ஆறியிருந்தால் வெறும் கண்ணாடி.
அதற்கு அவசரம் இல்லை.
"ஆறியது" என்றாள்.
நிறுத்தினாள்.
"ஆறியது."
மறுபடி நிறுத்தினாள்.
சில்லைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டினாள்:
வெள்ளையாய் ஒரு கட்டம், பக்கத்தில் கருமினுக்கு,
இருவருக்கும் நடுவே மிஞ்சிய சந்தில்
கடைசியாக வந்து உட்கார்ந்த குவார்ட்ஸ்,
பஸ்ஸில் மூன்றாம் ஆள் மாதிரி.
"ஆறியது."

பின்வரிசையில் யாரோ கொட்டாவியைச் சத்தமாக விட்டான்.
நடுவர் பேனாவை மூடினார்.

என் வாட்ச் விநாடியை நூறாக நறுக்கும்.
அதில் ஒரு துண்டுக்காக
கோட்டுக்கு முன்னால் நெஞ்சைத் தள்ளி விழுந்து
முட்டி கிழித்த பிள்ளைகளைத்தான் எனக்குத் தெரியும்.
இவள் நின்றுகொண்டே இருந்தாள்.

ஒரு மணி அடித்தேன்.
பிறகு, வேறு வழியில்லை, இரண்டு.

என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை,
தகவல் சொல்வது போல:
"டீச்சர், இன்னும் ஆறலை."

கேடயம் கருந்துளைக்கு.
இவளுக்குப் பங்கேற்புச் சான்றிதழ்;
அதில் அழகுராசி என்று இருந்தது.
பேனா வாங்கி அவளே திருத்திக்கொண்டு
மாட்டுத்தாவணி பஸ்ஸுக்கு ஓடினாள்.
நல்ல ஓட்டம். முழங்கால் உயர்ந்து வருகிறது.
நூறு மீட்டரில் சேர்த்திருப்பேன்.

மைக்கின் அடியில் அவள் தாள்கள் கிடந்தன.
படிக்காமல் விட்ட பக்கத்தில் ஒரே வரி:
கம்பி ரம்பம் வந்தது, மத்தியானச் சாப்பாட்டுக்குள் அறுத்துவிட்டார்கள்.

நாற்காலிகளை அடுக்கிவிட்டு
வாசல் படியில் உட்கார்ந்தேன்.
பாலிஷ் போட்ட கிரானைட். மணி ஏழு.
வெயில் போய் வெகு நேரம் ஆகிவிட்டது,
சேலைக்கு மேலேயே சுட்டது.

எழுந்துகொண்டேன்.
பையில் வாட்ச் டிக்கென்றது.
கடைசி எண்ணுக்கு அப்புறம் அதை நிறுத்தவே இல்லை:
மூன்று மணி, ஆறு நிமிடம்,
அப்புறம் அந்தப் பொடித் துண்டுகள்,
கண்ணுக்கு நிற்காமல்.