சத்தம் காணாது

"சுகிர்தாக்கா, சத்தம் காணாது."
மாங்குளத்தில் என் கராஜுக்குள் காரை ஏற்றிவிட்டு
டிலக்சன் வாய் திறந்தது இதற்குத்தான்.
இன்னும் முப்பத்தெட்டு மாத லீசிங் இருக்கிற வண்டி
சிவப்பாய் நின்று
பூனை மாதிரி மூச்சு விட்டது.

கீழே படுத்தேன்.
குழாயில் விரலை வைத்து, உடனே எடுத்தேன்.

"உன்ர எஞ்சின் கத்தாமல் இல்லைத் தம்பி, கத்துது.
வெளியில வர முதல்
நத்தை ஓடு மாதிரி இதுக்குள்ள ஒரு சக்கரம் இருக்கு.
அந்தக் கத்தலில தான் அது சுத்துது,
சுத்தி, மற்றப் பக்கத்தால காத்தை அள்ளி
எஞ்சினுக்கே ஊட்டுது.
பின்னால உனக்குக் கேக்கிறது
வேலைக்குப் போட்டு வந்த சத்தம்.
களைச்சுத்தான் வரும்."

விளங்கியது அவனுக்கு. பிடிக்கவில்லை.
"நடுப்பெட்டியை வெட்டுங்கோ.
காலை எடுக்கேக்க வெடிக்கவும் வேணும்."

வெடியை அவனுடைய சிநேகிதன் லாப்டொப்பில் எழுதினான்:
பொறி கொஞ்சம் பிந்த,
மிச்சப் பெற்றோல் குழாய்க்குள் போய் எரிய.
பெட்டியை நான் வெட்டினேன்.
உள்ளே கண்ணாடிப் பஞ்சு, கரி பிடித்து,
பல வருசம் ஆரோ தலை வைத்துப் படுத்த தலையணை.
அந்த இடத்தில் மூன்று அங்குல நேர்க்குழாய்.
நாலு ஒட்டு.

மல்லாவி வீதி, பின்னேரம் ஐந்து மணி.
இரண்டு, மூன்று, நாலாம் கியர்.
காட்டை நடுவால் கிழித்துக்கொண்டு போனோம்.
காலை எடுத்தான்.

பட். படபட. பட்.

எங்கே வெடிக்கும், ஏன் வெடிக்கும்,
எந்த ஒட்டுக்கு எத்தனை அடி பின்னால் என்று
எல்லாம் தெரிந்தவள் நான்.
முழங்காலுக்குச் சொல்ல ஆளில்லை.
டாஷ்போர்டுக்குக் கீழே கிடந்தேன்.

"என்னக்கா விழுந்தது?"
"நட் ஒண்டு."

நல்ல பிள்ளை.
ஓரத்தில் நிறுத்தி, போன் வெளிச்சத்தில் தேடினான்.
ஐந்து ரூபாய்க் குத்தி ஒன்று கிடைத்தது.
பாலை மரத்தில் மயில்கள் அதற்குள்
இடியென்று எடுத்துக்கொண்டு
ஒன்று மாறி ஒன்று மழையைக் கூப்பிட்டன.

சனிக்கிழமை பாலிநகர் கமக்காரர் அமைப்பிலிருந்து
பொருளாளர் யோகேந்திரன் வந்தார்.
யானை வெடி முடிஞ்சுதாம்.
"அந்தக் காரை இரவைக்கு ஒருக்கா விடுவீங்களே?
பெற்றோல் நாங்கள் அடிக்கிறம்."

வாய்க்கால் கட்டில் கார், நிலவில்லாத பத்தரை மணி.
வேலிக்கு அங்கால் கறுப்பாய் இரண்டு,
காலுக்குள் ஒரு குட்டி.
டிலக்சன் முறுக்க, வெடித்தது.
குழாய் நுனியில் நீல நெருப்பு.
கமக்காரர் கை தட்டினார்கள், ஒருவர் விசிலும் அடித்தார்.

யானை காதை விரித்தது.
இன்னொருக்கா வெடிக்க
ஓரடி கிட்ட வந்தது.

கை தட்டல் நின்றது.
அவன் பயந்துபோய்க் காலை முழுக்க எடுத்தான்.
வால்வு திறந்து
தேங்கின காற்றெல்லாம் வெளியேறியது:
உஸ்ஸ்ஸ்.

துதிக்கையைத் தூக்கி
அதுவும் ஊதியது.
அதே நீளம்.

பிறகு திரும்பிப் போனது.
நெல்லை மிதிக்காமல் போனதென்று சொல்ல ஆசை.
கால் ஏக்கர் போச்சு.
யோகேந்திரன் பெற்றோல் காசைப் பாதிதான் தந்தார்.

திங்கள் விடிய, திரும்பவும் கார்.
"அக்கா, வெடி காணும்.
அந்த ஊதுற வால்வைப் பெரிசாக்குவமே?"

ஸ்பனரோடு கீழே போனேன்.
மேலே நின்று கேட்கிறான்,
"அண்டைக்கு விழுந்த நட்
ஆப்பிட்டுதோ?"

தேடுறன், என்றேன்.