சொச்சம்

சான்டியாகோவிலிருந்து ஆக்லாந்துக்கு
ஒன்பதாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
சொச்சத்தில்தான் என் பிழைப்பு.

சுவர்ப் படத்தில் அடிக்கோல் வைத்து
ஒரு கோடு கிழிப்பீர்கள்.
அது சுற்றுவழி.
குறுக்குவழியோ தெற்கே தொங்கும்,
ஈரத்துணி போட்ட கொடிக்கயிறுபோல,
யாரும் குடியில்லாத கடல்வரை.
உலகம் உருண்டை என்பதைச்
சம்பளத்துக்கு நினைவில் வைத்திருக்கிறேன்.

வரும்போது குறைவு, போகும்போது அதிகம் என்றால்
அராவெனா சிரிப்பார்:
தூரம் ஒன்றுதான் ஹிமேனா, காற்றுதான் வேறு.
அவருக்கு மூன்று மாதத்தில் ஓய்வு. சிரிக்கலாம்.
கிழக்கே வருவதைக் காற்று முதுகில் தள்ளுகிறது,
மேற்கே போவதை
நெஞ்சில் கைவைத்து நிறுத்துகிறது.

இன்றிரவு அந்தக் கை கனமாக இருந்தது.
ஆறு டன் எரிபொருள் கூடுதலாக வேண்டும்.
ஒன்று ஏறினால் ஒன்று இறங்கவேண்டும்.
முதலில் செர்ரிப் பெட்டிகள்.
போதவில்லை.
அடுத்து,
இடமிருந்தால் ஏறலாம் என்ற சலுகைச் சீட்டுக்காரர்கள்.
நான்கு பேர்.
என் திரையில் பெயர் வராது, எடை மட்டும்.

நான்கில் ஒன்று எலிசேயோ என்று எனக்குத் தெரியும்.
ஊழியர் குடும்பச் சீட்டு, நான் எடுத்துக் கொடுத்தது.
தால்கா வீட்டை விற்கக் கையெழுத்திட
ஆறு நாள் வந்த தம்பி.
நோட்டரி அலுவலகத்தில்
பேனாவைக் கையில் கொடுக்காமல்
மேசைமேல் உருட்டிவிட்டோம்.

கைப்பையோடு சேர்த்து
அவனுக்கு விதிப்படி ஓர் எடை உண்டு.
எட்டு வருடக் கோபத்தை எந்த விதியும் நிறுக்கவில்லை.

ஐந்தரை டன் போதுமா என்று பார்த்தேன்.
போதாது.
மறுபடி பார்த்தேன்.
அந்த மறுபடியைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.
கேட்டால் காற்றைக் காட்டுவேன்.

பன்னிரண்டு மணிக்குச் சற்றுப் பின்
விமானம் எழும்பிற்று.
திரையில் ஒரு பச்சைப் புள்ளி
கரையைத் தாண்டித் தெற்கே சாய்ந்தது,
எனக்குத் தெரிந்த யாரும் இல்லாமல்.

விடிகாலை, மாய்ப்பூவில்,
என் குடியிருப்பின் வாசற்படியில்
பெட்டியை நிறுத்திச் சாய்ந்திருந்தான்.
பதினாறு கிலோமீட்டர்.
எப்படி வந்தான் என்று கேட்கவில்லை.
முகவரி யார் கொடுத்தார்கள் என்றும்.

எவ்வளவு? என்றான்.
என்ன எவ்வளவு?
காற்று.
எழுபது நாட், சில இடத்தில் எண்பது.
அவ்வளவா, என்று
படியில் சற்று நகர்ந்துகொண்டான்.
ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு.
நான் உட்காரவில்லை, குளிர்.

லிஃப்ட் ஓடவில்லை. நான்காம் மாடி.
பெட்டியின் ஒரு பிடி அவன், மறுபிடி நான்.
இருபத்துமூன்று கிலோவுக்கு மேலேயே இருந்தது.
சொல்லவில்லை.