ஓய்வுநாளில் வேலை செய்பவை

எங்கள் தீவில் ஞாயிற்றுக்கிழமை
கொடியில் ஒரு துணிகூட ஆடாது.
படகுகள் கட்டியபடி கிடக்கும்.
என் புல்வெட்டும் இயந்திரமும்
கொட்டகை இருட்டில், பெட்ரோல் வாசத்தில்.
கல்லறைத் தோட்டத்துச் சிவப்புக் குளோவர் மேல் மட்டும்
ஓயாத இரைச்சல்.

பெரிய மஞ்சள் வண்டு.
சிறகுகளுக்கு நடுவே ஒரு கறுப்புப் பட்டை,
மற்றபடி உடம்பெல்லாம் வைக்கோல் நிறம்.
ஸ்காட்லாந்தின் வட ஓரத்தை விட்டால்
இந்த நாட்டில் அதற்குப் போக்கிடமில்லை என்று
இன்வர்னஸிலிருந்து வந்த பெண் சொன்னாள்,
மூப்பர்கள் கூட்டத்தில், ஈரக் காலணியோடு நின்று.
கேட்டது ஒன்றுதான்:
செப்டம்பர் வரை கல்லறைப் புல்லை வெட்டாதீர்கள்.

மூப்பர் ஏழு பேர்.
தேநீர் ஆறும்வரை யாரும் பேசவில்லை.
பிறகு லாக்லன் மக்காஸ்கில் செருமினார்:
"ஓய்வுநாளிலும் வேலை செய்கிறதே அது."
கேலியா, குற்றச்சாட்டா, தெரியவில்லை.
அந்த முகத்தில் எதுவும் தெரிந்ததில்லை,
மகனைக் கடல் கொண்டுபோன வாரத்திலும்.
"ஞாயிறன்று மாடு கறக்கிறோமே," என்றார் போதகர்,
"அவசியத்துக்கும் இரக்கத்துக்கும் விலக்கு உண்டு."
நான்குக்கு மூன்று.
நான்காவதாக, மெதுவாக, உயர்ந்த கை
லாக்லனுடையது.
எனக்கு ஐந்து மாதக் கூலி போயிற்று.
அதைக் குறிப்பேட்டில் யாரும் எழுதவில்லை.

ஜூலையில் பெயர்கள் மறையத் தொடங்கின.
முதலில் குழந்தைகளின் குட்டைக் கற்கள்.
பிறகு தேதிகள்.
ஊதாப் பயற்றங்கொடி ஏறி
ஒரு மாலுமியின் நங்கூரத்தை மூடியது.
கைவிட்ட இடம்போல் இருக்கிறதென்று
படகுத்துறையில் பேச்சு.

ஒரு சனிக்கிழமை மாலை
ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கத்தரியோடு
மர்டினா வந்தாள்.
தீர்மானத்தை நினைவூட்ட என்னை அனுப்பினார்கள்.
என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.
கறுக், கறுக்.
இயூனின் பெயரில் முதல் எழுத்து வெளியே வந்தது.
இரண்டாவது வந்தது.
நான் தொப்பியைக் கழற்றி, என்ன சொல்வதென்று தெரியாமல்,
திரும்பப் போட்டுக்கொண்டேன்.

கத்தரி நின்றது.
கல்லின் அடியில், எலி காலி செய்த வளைக்குள்,
பாசிக்கு உள்ளிருந்து ஒரு முனகல்.
மர்டினா மண்டியிட்டாள். பிறகு
ஒரு பக்கமாகச் சாய்ந்து
காதைத் தரையில் வைத்தாள்.
காற்று மாறி, கடல் பக்கமிருந்து அடித்தது.
"அவர் குறட்டை," என்றாள் கடைசியில்,
"இதைவிட மோசம்."

வெட்டிய புல்லை அள்ளி
வளை வாயில் பழையபடி நிறுத்தப் பார்த்தாள்.
நிற்கவில்லை. சரிந்தது.
மறுபடி நிறுத்தினாள்.
நானும் குனிந்து ஒரு கைப்பிடி கொடுத்தேன்.

மறுநாள் ஆராதனைக்கு அவள் தாமதமாக வந்தாள்,
பாவாடையில் முழங்கால் உயரத்துக்குச் சேறு.
ஓய்வுநாளில் எங்கே போனாய் என்று
கேட்க ஒருவருக்கும் துணிவில்லை.
போதகரின் ஜெபம் நீண்டுகொண்டே போனது.
லாக்லன் கண்ணை மூடவில்லை,
ஜன்னல் பக்கமே பார்த்திருந்தார்.
நான் மூடியிருந்தேன். ஆனால்
உண்மையைச் சொன்னால்,
கூலியைத்தான் கணக்குப் போட்டேன்.
வெளியே அவை
யாரிடமும் கூலி கேட்காமல்.