ஏரியின் ஆழம்

தெற்கு எஸ்டோனியா, பிப்ரவரி.
ஜன்னலுக்கு வெளியே உறைந்து கிடக்கிறது ஏரி.
மூன்றாம் வகுப்பில் பதினோரு டேப்லெட்டுகள்,
ஒரே கேள்வி:
நம் ஏரி எவ்வளவு ஆழம்?

லேலோவுக்குக் கிடைத்தது பதினான்கு மீட்டர்.
தார்விக்கு முப்பத்தொன்று.
யாரோ ஒரு விடுதிக்காரர்
அடியே கிடையாது என்கிறார்,
பக்கத்திலேயே அறை வாடகை.

எழுதியது யார், எப்போது, பாருங்கள் என்றேன்.
பதினான்குக்குப் பெயர் இல்லை.
முப்பத்தொன்றுக்குத் தேதி இல்லை.
ஏரியின் பெயரில் மட்டும்
ஒரே பிழை இரண்டிலும்.

ரைகோ திரையைக் கவிழ்த்துவைத்தான்.
"டீச்சர், அது அங்கேயேதானே இருக்கிறது?"

இரவல் வாங்கிய கருவியால் பனியில் ஒரு துளை.
மீட்டருக்கொரு சிவப்பு நாடா கட்டிய கயிறு,
நுனியில்
வகுப்பறைக் கதவுக்கு முட்டுக்கொடுக்கும் கல்.
கையுறை கழற்றி எண்ணினார்கள்.
பன்னிரண்டு, பதின்மூன்று.
பதினான்கில் லேலோ மூச்சைப் பிடித்தாள்.
கல் நிற்கவில்லை.
இருபதில் கயிறு தீர்ந்துபோனது.

கதவு அன்று முழுக்க
தானாகவே சாத்திக்கொண்டிருந்தது.

ரைகோவின் தாளில்:
இருபதுக்கும் மேல். இன்னும் தெரியாது.
ஆதாரம், எங்கள் கயிறு.
கீழே தேதி.
அதற்கும் கீழே, நெருக்கியடித்து,
பதினோரு பெயர்கள்.