ஒரு தடவை தாங்கும்

பாய்மரத்தைப் பலகையோடு பிணைக்கும்
ரப்பர் மூட்டில் ஒரு வெடிப்பு.
ஆகஸ்டிலேயே பார்த்துவிட்டேன்.
நகத்தை வைத்தால் நகம் இறங்கும்,
அவ்வளவுதான்.
ஒரு தடவை தாங்கும் என்று சொல்லிக்கொண்டேன்.
ஆகஸ்டில் ஆறு தடவை சொன்னேன்,
செப்டம்பரில் எண்ணவில்லை.

அக்டோபர் பதினொன்று. பர்னு வளைகுடா.
வாடை அடித்தது.
எங்களுக்கு வடக்கே ஊர், தெற்கே கடல்;
வாடை என்றால் கரையிலிருந்து
ஆளைத் தள்ளிக்கொண்டு போகும் காற்று.
கரையோரம் தண்ணீர் இஸ்திரி போட்டதுபோல் கிடக்கும்.
அலைகள் தூரத்தில், நமக்கு முதுகைக் காட்டியபடி.
சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும் இது இங்கே.
எங்களுக்கும் தெரியும்.

ரைவோ டயர் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்தான்.
"மணி மூணு. இருட்ட இன்னும் மூணு மணி நேரம் இருக்கு.
இன்னைக்கு உன் பலகையைக் கொடு,
என்னோடது தகரத் தொட்டி."
அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம்.
திறந்தேன்,
தெர்மாஸ் தேநீரைக் குடிக்க.

முதல் அரைமணி நேரத்தைச்
சொல்லாமல் விட்டால் இது பொய்யாகிவிடும்.
ஐம்பது வயது ஆட்கள் கத்தக் கூடாத விதத்தில்
கத்தினோம்.
அவன் என்னைக் கடந்து போகும்போது
பலகையின் வால் கிழித்த தண்ணீர்
என் பல்லில் உப்பே இல்லாமல் பட்டது.
எங்கள் கடல் அப்படி,
பாதி ஆறு.

திரும்பிப் பார்த்தால் அவன் பாய் இல்லை.
சிவப்புப் பாய்.
தண்ணீரில் ஒட்டிய தபால்தலை மாதிரி
படுத்துக் கிடந்தது.
பலகையின் மேல் வயிற்றை அழுத்திக்கொண்டு அவன்,
ஒரு கையில் அறுந்த மூட்டு.

இழுத்துப் பார்த்தேன்.
என் கால்வாரை அவன் பிடித்துக்கொள்ள,
இரண்டு உடம்பு, ஒரு பாய்;
கரைப் பக்கம் ஒரு முழம் போனோம்,
கடல் பக்கம் நாலு முழம்.
"போ" என்றான்.
"போய் யாரையாவது கூட்டிட்டு வா."
உதடு நீலம். குரல்
கடையில் பாக்கி கேட்கும் அதே குரல்.

எதிர்காற்றில் நேராகப் போக முடியாது.
இந்தப் பக்கம் சாய்ந்து கொஞ்சம்,
அந்தப் பக்கம் சாய்ந்து கொஞ்சம்.
ஒரு சாய்வில் அவன் தெரிந்தான்,
மறு சாய்வில் பாய் மறைத்தது.
தெரிந்தான், மறைந்தான்,
தெரிந்தான்.
ஏழாவது மடக்கில்
தெரிய வேண்டிய பக்கத்திலும் தெரியவில்லை.

கரையில் நாயோடு நடந்த பெண்ணின் போன்.
மீட்புக்காரர்கள் வழியில் இருந்தார்கள்;
அவர்களுக்கு முன்னால்
மீனவர் ஓலவ் வலையை அப்படியே போட்டுவிட்டுப்
படகைத் திருப்பினார்.
நான் முன்பக்கம் நின்று டார்ச் அடித்தேன்.
ஒரு மிதவை. ஒரு மரக்கட்டை.
இன்னொரு மரக்கட்டை.
ஏழே கால் மணிக்கு முதலில் கேட்டது சத்தம்தான்:
"இருநூத்தி அஞ்சு, அம்பத்தஞ்சு, பதினாறு.
நூத்தி தொண்ணூத்தஞ்சு, அறுபத்தஞ்சு, பதினஞ்சு."
பனிக்கால டயர்களின் சரக்குக் கணக்கு.
தூங்கிவிடாமல் இருக்க
அலமாரி அலமாரியாக எண்ணிக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மெரிக்கே
என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.
"நீங்க கூட இல்லாம இருந்திருந்தா..."
சுவரில் ஹீட்டர் இருந்தது.
அதைப் பார்த்தேன்.
பதினான்கு மடிப்புகள்.

நவம்பரில், முதல் பனி விழுந்த வாரம்,
ரைவோ என் வீட்டு வாசலில்.
இடது கையில் இரண்டு விரலுக்கு
இன்னும் உணர்ச்சி வரவில்லை;
வலது கையில் காகிதப் பொட்டலம்.
"உன்னோடது என் கையில உடைஞ்சு போச்சு.
ரொம்ப அழுத்தி ஓட்டிட்டேன் போல.
மன்னிச்சுக்கோ."

உள்ளே புது மூட்டு.
விலைச்சீட்டைக்கூட எடுக்கவில்லை:
இருபத்தொன்பது யூரோ.

உள்ளே வா என்றேன்.
கடையில் ஆள் காத்திருக்கிறார்கள் என்று போய்விட்டான்,
எல்லோரும் டயர் மாற்றும் வாரம்.

கதவைச் சாத்திவிட்டு
நகத்தை வைத்துப் பார்த்தேன்.
நல்ல ரப்பர்.
இறங்கவில்லை.