ஜனவரி மூன்று, கியும்ரி

மருந்துக் கடையில் வேலை எனக்கு.
ஆண்டு பிறக்க இரண்டு நாள் இருக்கும்போதே
செரிமான மாத்திரை தீர்ந்துவிடும்.
மழைக்கு முன்னே குடை வாங்குவதுபோல
வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்,
பிறகு நனையப் போகிறார்கள்.

இன்று இது ஐந்தாவது வீடு.
முதல் வீட்டில் மயோனைஸ் போட்ட சாலட் மூன்று விதம்.
இரண்டாவதில்,
"சாப்பிடவில்லையென்றால் கோபித்துக்கொள்வேன்."
மூன்றாவதில் கோபித்தே விட்டார்கள்.
அந்தக் கோபத்துக்கும் சேர்த்து
நான்காவதில் இரண்டு துண்டு தேன் கேக்.
மேல்கோட்டுப் பொத்தான் ஒன்று
பனியில் எங்கோ தெறித்து விழுந்தது.
தேடவில்லை.
எப்படியும் அது இனி எட்டாது.

ஐந்தாம் மாடி. லிஃப்ட் ஓடவில்லை.
நல்லதுதான் என்று ஏறினேன்.
படிக்கு ஒரு வால்நட்டாவது கரையட்டும்.

வர்செனிக் கதவைத் திறந்தாள்.
முத்துமாலைக்கு மேல் ஏப்ரன்.
"வா அருஸ்யாக், இந்த வருஷம் ஒன்றுமே செய்யவில்லை"
என்றாள்,
பதினேழு தட்டுகளை மறைத்து நின்றபடி.

நடுவில் அது.
பன்றித்தொடை. ஆறு கிலோ.
அதற்காக அவள் கழற்றிய வளையல்
இன்னும் அடகுக் கடையில்.

எனக்குத் தெரியும் அந்தத் தொடையின் பயணம்.
அழைப்புமணி அடித்தால்
குளிர்பெட்டியிலிருந்து மேசைக்கு வரும்.
விருந்தாளி "ஆகா" என்பார்,
வயிற்றைத் தடவிக்கொள்வார்,
வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.
அவர் படியிறங்கியதும்
மேசையிலிருந்து குளிர்பெட்டிக்கு.
மூன்று நாளில் இருபது முறையாவது இருக்கும்.
கத்தி பட்டது ஒரே ஒரு ஓரத்தில்,
அதுவும் எதிர்வீட்டுப் பையன்.

ஒவ்வொரு முறையும் அதைத் தூக்கியவள்
இடுப்பில் ஒரு கையை ஊன்றி நின்றாள்.

தட்டு வந்தது. முள்கரண்டி வந்தது.
"கொஞ்சமாகப் போடு" என்ற பழைய பொய்
நாக்கு நுனிவரை வந்து
அங்கேயே நின்றுவிட்டது.

"முடியாது வர்செனிக்.
ஒரு வாய்கூட முடியாது.
இத்தனை படி ஏறியது உன்னைப் பார்க்க."

கோபித்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன்.
கடிகாரம் மட்டும் கேட்டது.
கையில் பரிமாறும் கரண்டியோடு அப்படியே
விருந்தாளி நாற்காலியில் உட்கார்ந்தாள்.
"முப்பதாம் தேதியிலிருந்து
இப்போதுதான் உட்காருகிறேன்."

"நீ என்ன சாப்பிட்டாய்?" என்றேன்.

யோசிக்க வேண்டியிருந்தது அவளுக்கு.
"காபி.
அப்புறம், உப்பு சரியா என்று பார்த்தேன்."

மூன்று நாளாக உப்பு பார்த்தே
உயிரோடு இருந்திருக்கிறாள்.

குளிர்பெட்டியின் அடித்தட்டில்
யாரும் கேட்காத சட்டி ஒன்று:
பாசுட்ஸ் தோல்மா.
புளித்த முட்டைக்கோஸ் இலைக்குள்
கொண்டைக்கடலை, பீன்ஸ், பருப்பு, உடைத்த கோதுமை.
ஏழு வகை என்பார்கள்,
நான் ஐந்துக்கு மேல் கண்டுபிடித்ததில்லை.
சூடாக்கக் கூடாது. யாரையும் அசத்தாது.

நின்றபடியே எடுக்கப் போனவளை
கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.
மென்றாள்.
அவசரமில்லாமல் மெல்லும் வாயை
இந்த விடுமுறையில் முதல் தடவையாகப் பார்த்தேன்.
ஒன்று. இரண்டு.
மூன்றாவதைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தாள்.
"போதும்" என்றாள்.
விருந்தாளிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்,
யாரும் நம்புவதில்லை அதை.
வீட்டுக்காரி சொல்லி இன்றுதான் கேட்கிறேன்.

பிறகு எனக்காக ஒரு மாண்டரின் உரித்தாள்.
"இதை உணவில் சேர்க்காதே,
பேச்சில் சேர்த்துக்கொள்."
மகன் போன் செய்யாததைப் பேசினோம்.
என் முழங்காலைப் பேசினோம்.
தோல் மடியில் குவிந்தது.

அழைப்புமணி.

அவள் எழப் பார்த்தாள்.
இடுப்பு ஞாபகப்படுத்தியிருக்க வேண்டும்.
"பூட்டவில்லை, வாருங்கள்!" என்று
உட்கார்ந்தபடியே கத்தினாள்.

மைத்துனர் சம்வேல் வந்தார்.
அவருக்கு இது எத்தனாவது வீடோ,
மூச்சு முதலில் வந்தது, அவர் பின்னால் வந்தார்.
தொடையைப் பார்த்தார்.
"ஆகா" என்றார்.

"பார்த்தாயிற்றா?" என்றாள் வர்செனிக்.
"சரி, உட்காருங்கள்.
மாண்டரின் இருக்கிறது."

அவர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.
மெதுவாக, யாரிடமோ அனுமதி கிடைத்ததுபோல,
பெல்ட்டை ஒரு துளை தளர்த்தினார்.