மூன்றாம் படி

முதல் படியில் பதினொரு ஆச்சரியக்குறிகள்.
எண்ணியவள் ஜெசிந்தா.
"ஏட்டி, இது கட்டுரையா, மீட்டிங் மைக்கா?"
முக்கூடல் பஸ் ஸ்டாண்டு சிமெண்டுப் பெஞ்சில்
சத்தமாகவே சிரித்தாள்.

தலைப்பு:
கிளை நூலகம் இரவு எட்டரை வரை திறந்திருக்க வேண்டும்.
காரணங்கள் மூன்று.
ஒன்று, உண்மை:
எங்கள் தெருவில் பீடித் தட்டு மடியைவிட்டு இறங்க
ஏழு மணி ஆகும்.
அதற்குப் பிறகுதான் கை எங்களுடையது.
இரண்டு, உண்மை மாதிரி:
திறந்து வைத்தால் எல்லோரும் வருவார்கள்.
மூன்றாவதை நானே உண்டாக்கினேன்:
"ஆய்வுகள் கூறுகின்றன."

எந்த ஆய்வு, எந்த ஊரில், யார் செய்தது
என்று ஓரத்தில் சிவப்பு மையில் கேட்டதும் நான்தான்.
பதில் சொல்ல ஆளில்லை.
அடித்தேன்.

சுயமதிப்பீட்டுத் தாளில் ஆறு கேள்விகள்,
ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண்.
தெளிவு: நாலு.
சான்று: அடித்ததற்கு அப்புறம் மூன்று.
நடை: நாலரை போட்டு, கூச்சப்பட்டு, நாலு.
ஐந்தாவதில் பேனா நின்றது.
"எதிர்த்தரப்பின் நியாயத்தை
அவர்களே ஒப்புக்கொள்ளும்படி எழுதினேனா?"

எழுதியிருந்தது ஒரே வரி:
"பணியாளரின் அலட்சியமே இதற்குக் காரணம்!"

பணியாளர் என்றால் முப்பிடாதி மேடம்.
ஆறே முக்காலுக்கே ஜன்னலைச் சாத்துகிறவர்.

புதன்கிழமை இலை வாங்கப் போனபோது பார்த்தேன்.
பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.
அப்புறம் ஓடினார்,
செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு,
ஓடிப் பழகாதவர்கள் ஓடுகிற மாதிரி,
ஏழு மணி சேரன்மகாதேவி பஸ்ஸுக்கு.
விசில் ஊதியாகிவிட்டது.
படியில் நின்ற யாரோ கைகொடுத்து இழுத்தார்கள்.
அடுத்தது ஒன்பதே காலுக்கு.
அதுவும் வந்தால்.

"அலட்சியமே" என்பதை வெட்டினேன்.
வெட்டியதும், நூல் சுற்றாத பீடியாக
மொத்தக் கட்டுரையும் பிரிந்துகொண்டது.
இரண்டு நாள் தட்டுக்கு அடியில் கிடந்தது,
தாளெல்லாம் தூள் வாடை.

மூன்றாம் படி இப்படித் தொடங்குகிறது:
"பூட்டுகிறவர் வீடு போய்ச் சேர வேண்டும்.
நாங்கள் நூலகம் வந்து சேர வேண்டும்.
எட்டே முக்காலுக்கு ஒரு பஸ் இருந்தால்
இரண்டும் நடக்கும்."

பெறுநர் மாறிவிட்டார்.
நூலகத் துறை இருந்த இடத்தில்
போக்குவரத்துக் கழகம்.
கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் யார் கொடுப்பது
என்று ஒரு கேள்வி எழுதினேன்.
விடை தெரியவில்லை.
தெரியவில்லை என்றே எழுதிவைத்தேன்.

ஜெசிந்தா படித்தாள். இந்தத் தடவை எண்ணவில்லை.
"பழசுலதான் சூடு இருந்துச்சு" என்றாள்.
இருந்தது.
யாரைச் சுட்டது என்று
அவளிடம் சொல்லவில்லை.

ஐந்தாம் கேள்விக்கு இரண்டு போட்டேன்.
காரணம் எழுத விட்டிருந்த கோட்டில்:
"அவர் ஓடியதைப் பார்த்தேன்.
அவரிடம் இன்னும் கேட்கவில்லை."